ஐந்து இடத்திலும் நான் சொல்லாத பெயர்

முத்தையா, நீ எழுதிய காகிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இப்போது தப்பால் பை தூக்குகிறவன் நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று, "பெருசு, கொழும்புக் காயிதம்! மவனுக்குக் கல்யாணமா?" என்று பத்துக் காம்பராவுக்கும் கேட்கிற மாதிரி கத்திக் கொடுத்துவிட்டுப் போனான். முப்பது வருஷம் நான் அந்தப் பையைச் சுமந்தேன். ஒருவர் கடிதத்தில் என்ன இருக்கும் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இவனுக்குக் கால் நன்றாக இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. போகட்டும். நீ அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். என் கோணல் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் கடைசிவரை படி. நாலு நாளாக எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். இது ஐந்தாவது நாள் எழுதுவது.

கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வருவதாக எழுதியிருக்கிறாய். பதுளைவரை தண்டவாளம் வந்துவிட்டது, இனிமேல் பண்டாரவளையில் இறங்கி வண்டிக்காரனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று உனக்கு ஒரே குஷி. "தோட்டத்துக்கு வருமுன் ஒரு பகல் டவுனில் தங்கி, அந்த ஐந்து இடங்களையும் அவளுக்குக் காட்ட வேண்டும் அப்பா" என்று எழுதியிருந்தாய். அதுவரை படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொழும்பில் பிறந்த பெண்ணுக்கு இந்தச் சின்ன ஊரில் காட்ட என்ன வைத்திருக்கிறான் இவன் என்று நினைத்தேன். அதற்குக் கீழேதான் அந்த வரிகள் இருந்தன. "அன்றைக்கு நீங்கள் எனக்காகக் கேட்டீர்கள், கிடைத்துவிட்டது. அக்காவிடமிருந்து எடுத்துத்தான் எனக்குக் கொடுத்தார்கள் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தோன்றும். அந்த ஐந்து இடத்திலும் நின்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் குடித்தனம் தொடங்க வேண்டும்." படித்துவிட்டு, காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக இதை நீ சுமந்திருக்கிறாய். ஒரே காம்பராவில் படுத்துக் கிடந்த எனக்குத் தெரியவில்லை.

ஆகவே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் மறுபடியும் அடுப்புக்குத்தான் போகும். நான் உனக்காக எங்கும் கேட்கவில்லை, முத்தையா. ஐந்து இடத்திலும் உன் அக்கா பாக்கியத்தின் பெயரைத்தான் சொன்னேன். உன் பெயரை ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. லயத்தில் எல்லாரும் உன்னை "அஞ்சு சாமி குடுத்த புள்ள" என்று கூப்பிட்டார்களே, உன் அம்மா அதைக் கேட்டுப் பூரித்துப் போவாளே, அது அத்தனையும் என் வாய் செய்த வேலை. வாயைத் திறந்து செய்ததல்ல, மூடி வைத்துச் செய்தது. இதை இப்போது சொன்னால், அக்காவின் உயிரை வாங்கிக்கொண்டவன் என்ற பாரம் உன்னை விட்டு இறங்கும். ஆனால் பெற்ற அப்பனே என்னை வேண்டாமென்று விட்டுவிட்டானே என்ற பாரம் ஏறும். இரண்டில் எது உனக்கு லேசு என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு நாள் யோசித்தும் தெரியவில்லை.

அப்போது உனக்கு இரண்டு வயது, பாக்கியத்துக்கு ஏழு. மழை விட்ட கையோடு நமுனுகுலைப் பக்கம் லயம் லயமாகக் காய்ச்சல் புகுந்தது. நம் காம்பராவில் உங்கள் இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவரை நாங்கள் டாக்டரையா என்போம். டாக்டர் இல்லை, இருந்தாலும் எங்களுக்கு வேறு ஆள் யார்? அவர் குனிந்து உள்ளே வந்து, உன் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "சின்னது தாங்காதுப்பா. பெரியவள டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. ரெண்டையும் இழுத்துக்கிட்டுப் போனா இது வழியிலயே போயிரும்" என்றார். உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. பாக்கியத்தைக் கம்பளியில் சுற்றி என் முதுகில் கட்டிவிடும்போது சொன்னாள்: "பெரியவளுக்கு ஆஸ்பத்திரி இருக்குங்க. இவனுக்குச் சாமிதான் இருக்கு. டவுன்ல இருக்குற எல்லாச் சாமிகிட்டயும் இவனுக்காகச் சொல்லுங்க." நான் சரி என்று தலையாட்டினேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்து ஓரத்தில் நம் மாரியம்மன் கோயில் இருக்கிறதல்லவா, அங்கே நின்றேன். நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். உயிருக்கு ஆபத்து என்றால் மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்துப் பூசாரி முடிந்து கொடுப்பார். அந்த முடிப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, போகிற கோயிலில் எல்லாம் அதைக் கையில் பிடித்துப் பெயரைச் சொல்லி வேண்ட வேண்டும். பிழைத்து எழுந்தால் காசு அம்மனுக்கு. பூசாரி துணியை விரித்து, "பேரச் சொல்லு" என்றார். நான், "சாமி, ரெண்டு புள்ளைங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஒரு முடிப்புக்கு ஒரு பேருதான். ரெண்டு பேரக் கூட்டிக் கேட்டா ஆத்தா ரெண்டையும் தள்ளிருவா. ஒன்னச் சொல்லு." இன்னொரு முடிப்புப் போடச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஒரு வீட்டுக்கு ஒரு முடிப்பு, அதுவும் வழக்கம். எங்களுக்கு அது மலை மாதிரி அசையாத விஷயம். எவன் ஏற்படுத்தினான் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பிறகு தோன்றாத நாளே இல்லை.

பாக்கியம் என்று சொன்னேன். டாக்டரையா உன்னைக் கைவிட்டுவிட்டார் என்பது ஒரு காரணம். முதுகில் இருந்தவள் அவள், அவள் மூச்சுத்தான் என் பிடரியில் சுட்டுக்கொண்டிருந்தது என்பது இன்னொன்று. இவை இரண்டும் ஊருக்குச் சொல்கிற காரணங்கள். மூன்றாவதை உனக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு அவள்மேல்தான் பிரியம் அதிகம். நீ கைக்குழந்தை, அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காதவன்; என்னைக் கண்டாலே அழுவாய். அவள் தினமும் சாயங்காலம் தேயிலைக் காட்டு வளைவுவரை வந்து எனக்காக நிற்பாள். என் பையைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்கு எத்தன காயிதம்ப்பா?" என்பாள். காகித உறைகளைப் பார்த்துப் பார்த்து நான் கற்ற எழுத்தை எல்லாம் என்னோடு கூடவே அவளும் கற்றாள். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், எந்தப் பிள்ளைமேல் பிரியம் அதிகம் என்று உனக்குள்ளே கூடச் சொல்லிப் பார்க்காதே. ஒருநாள் எவனாவது துணியை விரித்து, ஒரு பெயரைச் சொல் என்று கேட்பான். வாய் அதைத்தான் சொல்லும்.

முன்பக்கம் தப்பால் பை, பின்பக்கம் அவள். பதுளைக்கு ஒன்பது கட்டை தூரம். வழி நெடுகக் கட்டைக் கல்லில் இருக்கிற இலக்கத்தைப் படித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில், "தம்பி ஏன்ப்பா வரல?" என்று கேட்டாள். "தம்பிக்கு நல்லாயிருச்சும்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான். வேடிக்கை என்னவென்றால், அது ஒன்றுதான் பொய்யாகப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டிலில் போட்டு நெற்றியில் ஈரத்துணி வைத்தார்கள். நல்ல மனுஷர்கள். பெண்கள் படுக்கிற இடத்தில் ஆம்பளை நிற்கக்கூடாது, மத்தியானம் பார்க்க விடுவோம், அப்போது வா என்றார்கள். தபால் கந்தோருக்குப் போனேன். பண்டாரவளையிலிருந்து வர வேண்டிய தப்பால் வண்டி வழியில் மண் சரிந்து நிற்கிறதாம், மத்தியானத்துக்குமேல்தான் வரும் என்றார்கள். தினமும் ஓடிவந்து ஓடிப்போகிறவன் எனக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஊரில் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சும்மா கிடைத்தது. இனி உன் ஐந்து இடங்களுக்கு வருகிறேன். நீங்கள் எந்த வரிசையில் போக வேண்டும் என்றும் சொல்கிறேன். அந்த வரிசையில்தான் நான் போனேன்.

முதலில் பெரிய விகாரை. சாரை சாரையாக வெள்ளை உடுத்திய சிங்கள ஜனங்கள் போவார்கள், நீங்களும் அவர்கள் பின்னாலேயே போகலாம். உன் கொழும்புச் சப்பாத்தை வாசலிலேயே கழற்று, தொப்பி இருந்தால் அதையும் எடு. வெள்ளைத் தாதுகோபத்தைப் பெண்ணுக்குக் காட்டு. வெயில் பட்டால் கண் கூசும். அரச மரத்தடியில் மண் விளக்குகள் எரியும். வாசலில் பூ விற்கிற சிங்களக் கிழவி ஒருத்தி அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே இரண்டு அல்லிப் பூவை எடுத்து நீட்டினாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது? ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் சும்மா வைத்துக்கொள் என்று கையைக் காட்டினாள். நான் வேண்டவே வேண்டாமென்று அவள் தட்டிலேயே போட்டுவிட்டு உள்ளே போனேன். பூசாரி சொன்னது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பூவோடு போனால் இரண்டும் போய்விடும் என்று பயந்தேன். புத்தர் முன்னால் ஒரு பூவை வைத்து, பாக்கியம், பாக்கியம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது கதிர்காமத்து முருகனுக்கு டவுனிலேயே இருக்கிற தேவாலயம். சிங்களவர்கள் கட்டியது, சிங்களவர் பூசை செய்வது, ஆனால் முருகன் நம் முருகன்தானே. மயில் எழுதிய திரை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்ட மாட்டார்கள், அதனால் பெண் ஏமாந்து போகாமல் முன்கூட்டியே சொல்லிவிடு. பூசை செய்கிறவரைக் கப்புறாளை என்பார்கள். அவர் என் தட்டை வாங்கிக்கொண்டு, "ளமய் கீயத?" என்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார். அந்த அளவுக்குச் சிங்களம் தப்பால் தூக்குகிற எவனுக்கும் தெரியும். நான் ஒரு விரலைக் காட்டினேன். மற்ற விரல்களை இடது கையால் மடக்கிப் பிடித்துக்கொண்டு காட்டினேன். அவர் திரைக்கு முன்னால் நின்று ஒரு பிள்ளைக்காகப் பாடினார். நன்றாகத்தான் பாடினார்.

அங்கிருந்து கடைத்தெருவுக்குப் பின்னால் நம் பிள்ளையார். ஊரில் இருக்கிற செட்டிமாரும் கடைக்காரர்களும் சேர்ந்து கட்டியது, சின்னக் கோயில். முதலில் பிள்ளையாரிடம் போகாமல் மூன்றாவதாகப் போனது தப்பு என்று பிறகு உன் அம்மாகூடச் சொன்னாள். வழியில் எது முதலில் வந்ததோ அதில் நுழைந்தேன், அவ்வளவுதான். எந்தச் சாமி அந்த நேரத்தில் விழித்திருக்கிறதோ என்று ஓடுகிறவனுக்கு முறை எங்கே தெரியும்? ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெயரைச் சொன்னேன், நட்சத்திரம் மறந்துவிட்டது. "அப்பன்காரனுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று கடிந்துகொண்டே அர்ச்சனை செய்தார். குட்டிக்கொண்டேன். கொஞ்சம் பலமாகவே குட்டிக்கொண்டேன்.

நான்காவது வெள்ளைக்காரர் கோயில். கருங்கல் கட்டடம், வெளியே பச்சைப் புல். ஞாயிற்றுக்கிழமை இல்லாததால் பூட்டியிருந்தது. உள்ளே போகிற துணிச்சலும் எனக்கு இல்லை. புல் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆள் ஒருவர், வேதக்காரர், என்னைப் பார்த்து, "கதவத் தொறக்க மாட்டாங்க. வெளிய நின்னே கேளு, கேக்கும்" என்றார். பக்கத்தில் கல்லறைகள். எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்குப் பொழுது இருந்தது. துரைமார்கள், துரைசாணிகள், பட்டாளத்துக்காரர்கள். ஓர் ஓரத்தில் ஒரே கல்லின்கீழ் இரண்டு பெயர், ஆண் ஒன்று, பெண் ஒன்று. இலக்கம் வாசிக்கத் தெரியுமே. இரண்டு வயது, ஆறு வயது. நான் அந்தக் கல்லின் முன்னால் குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பங்களாவும் டாக்டரும் குதிரை வண்டியும் உள்ளவனுக்கே இப்படியா என்று நினைத்தேன். அப்போது ஒரு தடவை, ஒரே தடவை, உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கல்லைப் பார்த்தேன். இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாக்கியம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் போகும்போது பெண்ணுக்கு அந்தக் கல்லைக் காட்ட வேண்டாம். புதுப்பெண் பார்க்கிற காட்சி அல்ல அது.

கடைசியாகப் பள்ளிவாசல். அதன் வளவில் ஒரு பெரியவரின் அடக்கம் இருக்கிறது, பச்சைத் துணி போர்த்தி, மயிலிறகு வைத்து. கிழக்கே மட்டக்களப்பிலிருந்து வருகிற மாட்டு வண்டிக்காரர்களும் அங்கே நின்று எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் சந்தைக்குப் போவார்கள். நான் தினமும் போகிற வழியில் துணிக்கடை வைத்திருந்த நானா அங்கே தொழுதுவிட்டு வந்தவர் என்னைக் கண்டுகொண்டார். என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டார். அடக்கத்தின் தலைமாட்டுக்குக் கூட்டிப்போய், "நான் ஓதிக் கேக்குறேன். ஒங்களுக்கு எத்தன புள்ளகள்?" என்றார்.

"ஒன்னுதான் நானா."

"ஒரே புள்ளயா?"

"ஒன்னே ஒன்னுதான் நானா. பொம்பளப் புள்ள."

வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். விரலால் சொன்னதும் பூவால் சொன்னதும் ஒரு கணக்கில் சேராது என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது சேரும். நானா இரண்டு கையையும் ஏந்திக் கண் கலங்கக் கேட்டார். அந்த மனுஷன் ஒரே பிள்ளை என்று நம்பித்தானே அப்படி அழுதார்.

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். உள்ளே விடும்போதே ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதிலேயே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் என்றார்கள். எந்த இடத்தில் நான் நின்றபோது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். தொற்றுக் காய்ச்சல், தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஓயா ஆற்றங்கரையோரத்து இடுகாட்டில் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? தபால் கந்தோருக்குப் போய், வந்திருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் துரை பங்களாவில் பை இருக்க வேண்டும். முதுகு காலியாக இருந்தது. ஒன்பது கட்டையும் ஏறினேன். வளைவில் யாரும் நிற்கவில்லை.

பையைப் பங்களாவில் கொடுத்துவிட்டு லயத்துக்கு வந்தால், காம்பரா வாசலில் உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். நீ கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாய். "சாமி கண்ணத் தொறந்துருச்சுங்க! நீங்க போயிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வேர்த்துக் கொட்டிருச்சு. இங்க பாருங்க, முழுசும் குடிச்சிட்டான்!" என்றாள். அதற்குப் பிறகுதான் என் முதுகைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. அவள் அழுத அழுகையை எழுத மாட்டேன். எல்லாம் அடங்கி, மறுநாள் அவளே என் இடுப்பிலிருந்து அந்த மஞ்சள் முடிப்பை உருவி எடுத்தாள். "ஒன்னயாச்சும் விட்டுச்சே. நீங்க கேட்டதக் குடுத்துருச்சுங்க" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், பாக்கியம் பெயரில் முடிந்த காசை உனக்கென்று அம்மன் முன்னால் போட்டாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூசாரி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் அவள் அழுதுகொண்டிருந்தாள், அப்போது எப்படிச் சொல்வது? பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள், அப்போது எப்படிச் சொல்வது? உனக்குக் கல்யாண நேரத்தில் நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். நீ செய்யாத காரியத்துக்கு உன் பெண்டாட்டி உனக்கு நன்றி சொன்னால், அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்லிவிடு. அவள் முகம் வாடினால் வாடட்டும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உன் அம்மா என்னை ஒரு பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டுதான் செத்தாள். அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குத் தெரியாது.

உனக்கு முடி வளர்ந்ததும் அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, அந்த ஐந்து இடத்துக்கும் போனாள். தேவாலயத்தில் மொட்டை. விகாரையில் விளக்கு. பள்ளிவாசலில் அடக்கத்துக்குப் பச்சைத் துணி வாங்க அதே நானாவின் கடைக்குத்தான் போனோம். உன் அம்மா பெருமையாக, "இவன்தான் நானா, அவங்கப்பா வேண்டிப் பொழச்ச புள்ள" என்றாள். நானா உன் மொட்டைத் தலையைத் தடவினார். என்னைப் பார்த்தார். துணியைக் கிழித்துக்கொண்டே மெதுவாக, உன் அம்மாவுக்குக் கேட்காமல், "ஒன்னுதான்னு சொன்னீங்களே" என்றார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. அவர் உன் கையில் இரண்டு பேரீச்சம்பழம் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவர் கடை முன்னால் நடந்தேன். ஒருநாளும் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. இப்போது அவரும் இல்லை. அவர் மகன் அதே கடையில் இருக்கிறார். பெண்ணுக்கு ஒரு சேலை அங்கேயே வாங்கு.

இடுகாட்டுக்குப் போகலாம் என்று நினைப்பாய். போகாதே, அலைச்சல்தான் மிச்சம். ஓயா எத்தனை தடவை பெருகிக் கரையைத் தின்றுவிட்டதோ, எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. அடையாளத்துக்கு வைத்த கல்லும் போய்விட்டது. அவளுக்கென்று இந்தப் பூமியில் மிஞ்சியிருப்பது, அவள் பெயரை நான் சொன்ன அந்த ஐந்து இடங்கள்தான். அவற்றை உன்னுடையவை என்று உனக்குச் சொல்லி வளர்த்துவிட்டோம். நீ அவளிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. உனக்காக யாரும் எதையும் கேட்கவில்லை, நீயாகவே வேர்த்து, நீயாகவே கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்தாய். நீ மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவன் நான். அதையும் உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் கோயில், பூ, துணிக்கடை என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கால் நன்றாக இருந்த நாளில் அந்த ஐந்து வாசலையும் தினமும் கடந்தேன். உனக்கு மொட்டை போட்ட நாளைத் தவிர ஒருநாளும் உள்ளே நுழையவில்லை, தோளில் இருக்கிற பையைச் சாக்காக வைத்துக்கொண்டு ஓடிவிட்டேன். இப்போது முழங்கால் இரண்டும் வீங்கி, பெரட்டுக்களத்துக்குப் போகவே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை உன் பெண்ணுக்குப் படித்துக் காட்டு. அச்சுக்கூடத்து ஆட்கள் பார்த்தாலும் பார்க்கட்டும், நீ இதை அச்சிலே கோர்த்தாலும் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் இவ்வளவும் வந்தது. படித்த பிறகு தோட்டத்துக்கு ஏறிவர உனக்கு மனசில்லை என்றால், டவுனோடு திரும்பிப் போ. நான் கோபிக்க மாட்டேன். கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் டவுனில் இறங்கினால் எனக்காக ஒரே ஒரு காரியம் செய்.

விகாரையில் இரண்டு பூவாக வாங்கிக்கொண்டு போ. தேவாலயத்தில் எத்தனை என்று கேட்டால் இரண்டு விரலைக் காட்டு. பிள்ளையாரிடம் இரண்டு பெயரும் சொல். உன் நட்சத்திரம் உத்திரட்டாதி, அவளுடையது ரோகிணி. அதன் பிறகு நான் மறக்கவில்லை. வெள்ளைக்காரர் கோயில் பூட்டியிருந்தால் வெளியே நின்றே சொல், கேட்கும் என்றார்கள். கடைசியில் பள்ளிவாசல் வளவில், அந்தப் பச்சைத் துணியின் தலைமாட்டில், நான் நின்ற இடத்தில் நின்று, உன் பெண்டாட்டிக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்: "எங்கப்பாவுக்கு ரெண்டு புள்ளைங்க."